கடைக்குட்டிக்கும் சமபாகம்

போன வாரம் பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளவா என்று ஒரே கேள்வி. சரி என்று தட்டிவிட்டு டீயை எடுத்தேன். அது ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அட, யாருக்கு எவ்வளவு இடம் என்று என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கோபம் வந்தது. கூடவே முசே ஞாபகமும் வந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். புதுச்சேரி உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு முதல் வேலை. பிரெஞ்சு மரியாதைப்படி நாங்கள் 'முசே' (ஐயா) என்று கூப்பிட்ட வாடிக்கையாளர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துப் படுத்துவிட, பாரீசில் இருந்த கடைசி மகள் லினக்ஸ் சிடி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஈமெயிலில் அவளுக்குப் பிறந்திருந்த பேத்தியின் முதல் போட்டோ வரும். அதற்குள் மிஷின் எழுந்தாக வேண்டும். பிரௌசிங் சென்டரில் காலேஜ் பசங்க நடுவே உட்கார்ந்து பேத்தி முகத்தைப் பார்க்க மாட்டாராம்.

என் வாய் சும்மா இருக்குமா? டிஸ்க் என்பது ஒரு மனை, அதை மூன்றாகப் பிரிக்கணும் என்று விளக்கினேன். சிஸ்டத்துக்கு ஒன்று, நம் ஃபைல்களுக்கு ஒன்று, மிஷினை எழுப்பிவிடும் பூட் பகுதிக்கு முன்னால் துளியூண்டு இடம். பாகம் பிரிப்பது என்றதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க பிரெஞ்சு சட்டத்துல பெரிசு சின்னதுன்னு கெடையாது தம்பி. எல்லாருக்கும் சமபாகம். கடைக்குட்டி கடைசியில."

எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை. மூன்றையும் சமமாக வெட்டி, பூட்டைக் கடைக்குட்டியாகக் கோடியில் வைத்து அப்படியே போட்டேன். கறுப்புத் திரையில் 'எர்ரர் 18' என்று காட்டிவிட்டு மிஷின் நின்றது. அந்தப் பழைய மதர்போர்டுக்கு டிஸ்க்கின் ஆரம்பம்தான் தெரியும். கோடியில் கிடக்கும் பூட் தெரியாது. அன்றைக்குச் சனிக்கிழமை வேறு. முசே பார்த்த பார்வையில் டிஸ்க்கை நானே விழுங்கிவிட்டதாக எனக்கே சந்தேகம் வந்தது.

எழுப்புகிறவள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கணும் முசே என்றேன். அவர் மகள் அனுப்பிய சிடி உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என் கடைக்குட்டியையும் இப்படித்தான் தூரத்துல வெச்சிட்டேன். முன்னால கொண்டா. பங்கு மட்டும் கொறைக்காதே."

கல்யாண மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்த மாதிரி, அவ்வளவு பெரிய இடத்தில் பூட் ஃபைல்கள் நாலு. ஆனாலும் மிஷின் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டோவும் வந்தது. முசே அழுதார். உடனே அடுத்த வம்பு. படத்தை பூட் பகுதியில்தான் வைக்க வேண்டுமாம், அதுதானே மகள் பாகம்! வைத்தேன், வேறென்ன செய்ய?

கடை இப்போது செல்போன் கடை. முசேவும் போய்விட்டார், பிள்ளைகள் வீட்டை விற்றுச் சமபாகமாகப் பிரித்துக்கொண்டார்கள். போன வாரம், டீ குடித்து முடித்ததும், லேப்டாப்பின் பூட் பகுதியைச் சும்மா திறந்து பார்த்தேன். வழக்கமான ஃபைல்கள்தான் இருந்தன. குழந்தை யாரும் இல்லை.