தண்ணீருக்கு நோய் வந்த நாள்

என் அண்ணிக்கு ஆபீஸில் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே மேடம். முதுகு திரும்பினால் "மறுபடி மேடம்". காட்டிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், "இதை மறுபடி ஒருமுறை பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவாள். வந்த பெயர் அப்படி. பொருத்தமில்லாத பெயர் என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடுவாள், கதவைப் பூட்டுவாள், படியிறங்குவாள். பாதிப் படியில் நின்று யோசிப்பாள். பிறகு ஏறிப் போய்க் கதவைத் திறந்து கேஸைப் பார்ப்பாள். கீழே பள்ளி வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நான் காத்திருப்பேன். வேன் ஓட்டுவது என் பிழைப்பு. அண்ணியை அவள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவது என் தலையெழுத்து. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஹாரனை அழுத்திக்கொண்டே கத்துவேன். "கேஸ் வெடிச்சா முதல்ல போறது கீழ் வீட்டுல இருக்கிற நீதாண்டி" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக ஏறி உட்காருவாள்.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். வெட்டி அழிந்த காட்டில் மரம் நட்டு, அதை மறுபடி காடாக்கப் பார்க்கிறார்கள். நட்ட காட்டுக்கு எந்தெந்த விலங்கு திரும்பி வருகிறது, வருவதன் உடம்பில் மனிதனுக்குத் தொற்றும் கிருமி இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கவலை. எந்த மரம் எவ்வளவு வளர்ந்தது, எந்தக் கேமராவில் எது சிக்கியது, எந்த வௌவாலின் எச்சில் எந்தக் குழாயில் போனது என்று அத்தனை தகவலும் கடைசியில் அண்ணியின் கணினிக்குத்தான் வந்து சேரும். அவள் ஒழுங்காக அடுக்கினால்தான் மற்றவர்கள் அதைப் படித்து ஒரு முடிவு சொல்ல முடியும்.

என் அண்ணன் அதே நிலையத்தில் வலை போடுகிறவன். வௌவாலைப் பிடித்து, எடை பார்த்து, எச்சில் எடுத்து, பறக்கவிட வேண்டும். சேர்ந்த புதிதில், மழையில் ஊறிய ஒரு தாளை அண்ணியிடம் கொண்டுபோய் நீட்டினான். அதில் ஒரு மரத்தின் எண் அழிந்திருந்தது. அந்த ஒரு எண்ணுக்காக அவனை மறுபடி காட்டுக்கு அனுப்பினாள். போய் வந்தவன் வீட்டில் குதித்த குதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ராட்சசி" என்றான். அடுத்த வருடம் அந்த ராட்சசிக்கே தாலி கட்டினான்.

இனி வௌவாலுக்கு வருகிறேன்.

வலையில் சிக்கிய ஒரு பழந்தின்னி வௌவாலுக்குக் கழுத்தில் நூல் இறுகிவிட்டது. தடித்த கையுறையோடு முடிச்சு அவிழவில்லை. அது மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து அண்ணன் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டான். செய்யவே கூடாத காரியம் அது. முடிச்சு அவிழ்ந்தது, வௌவாலின் பல் அவன் கட்டைவிரலில் இறங்கியது. கடிபட்ட கையோடே அதன் எச்சிலையும் எடுத்துக் குழாயில் போட்டு, எண்ணை எழுதிவிட்டுத்தான் வந்தான்.

வழக்கமான ஊசிகளை அன்றைக்கே போட்டுவிட்டார்கள். பயம் வேறொரு கிருமியைப் பற்றியது. அந்தப் பக்கத்து வௌவால்களில் சிலவற்றிடம் இருக்கிறதென்று நிலையத்துக்குச் சந்தேகம். அதற்கு மருந்து உண்டு, ஆனால் ஈரலைப் பிடித்து உலுக்கிவிடும். "கடிச்ச வௌவாலுக்கு இருந்தா உடனே மருந்து ஆரம்பிக்கிறோம். இல்லைன்னா எதுக்கு வீணா உடம்பைக் கெடுக்கணும்?" என்றார் நிலையத்து டாக்டர். காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு என்றும் சொன்னார். ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வரும்வரை அண்ணன் மாடியில் தனி அறையில். சாப்பாடு வாசலில். என் மகள் படியில் உட்கார்ந்து மாமாவோடு கத்திக் கத்திப் பேசினாள். அண்ணி மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வந்தாள். அந்த நாட்களில் கேஸைப் பார்க்கக்கூட அவள் திரும்பி ஏறவில்லை. ஹாரனை அழுத்த எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் மதியம் அண்ணி போன் பண்ணினாள். "இல்லையாம். அந்த வௌவாலுக்கு இல்லையாம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். அறைக் கதவைத் திறந்தோம். என் மகள் மாமாவின் தோளில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவே மறுத்துவிட்டாள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணி சிரித்துச் சிரித்து அழுதாள்.

ஆபீஸில் மட்டும் முகங்கள் தொங்கிப்போயிருந்தன. கிருமி இருந்த வௌவால்கள் எல்லாமே நட்டு வளர்த்த காட்டில் முதலில் பிடித்தவையாம். அப்படியானால் நாமே மரம் நட்டு நோயை வரவழைக்கிறோமா என்று இயக்குநர் மேடம் கலங்கிப்போனார். நடுவதை நிறுத்துவது பற்றிப் பேச மேலிடத்துக் கூட்டம் ஒன்றுக்கும் ஏற்பாடானது. அண்ணி அதைச் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. என் அண்ணன் பிழைத்தான், காடு எப்படிப் போனால் எனக்கென்ன.

இரண்டு நாள் கழித்து, காலையில் அண்ணனுக்கு உடம்பு சுட்டது.

டாக்டருக்குப் போன் போட்டோம். "வௌவால்தான் சுத்தம்னு வந்துடுச்சே. பருவம் மாறுது, சாதாரணக் காய்ச்சலா இருக்கும். சாயந்திரம் வந்து பார்க்கிறேன்" என்றார். எனக்கு அது போதும். அண்ணிக்குப் போதவில்லை. தெர்மாமீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்தாள்.

"நான் ஆபீஸுக்குப் போகணும்."

"புருஷன் காய்ச்சல்ல கிடக்கிறான், இப்ப என்ன ஆபீஸ்?" என்று நான் எகிறினேன். "உங்களுக்கு நல்ல சேதியே ஆகாதா அண்ணி? நாலு நாள் நிம்மதியா இருந்தா உடம்பு தாங்காதா?"

அவள் வேனில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினேன். வேன் காலியான பிறகுதான் பேசினாள்.

"கிருமி உண்டுன்னு வந்தது அத்தனையும் பட்டியல்ல மேலே ஒரே இடத்துல குவிஞ்சு நிக்குது. அதுக்குக் கீழே ஒண்ணுகூட இல்ல. நோய் அப்படி வராது. அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் வரும். வௌவால் என்ன, டிக்கெட் வாங்கவா வரிசையில நிக்குது?"

"அதை முடிவு வந்த அன்னைக்கே பார்த்திருக்கலாமே."

"பார்த்திருக்கணும்" என்றாள்.

நானும் அவளோடு உள்ளே போனேன். அவளைத் தனியாக விட மனமில்லை. கணினியைத் திறந்து, திரையில் விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தாள். சீக்கிரமே விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இது தண்ணி" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்துக்குக் குழாய்களை அனுப்பும்போது நடுநடுவே சில குழாய்களில் வெறும் சுத்தமான தண்ணீரை ஊற்றி, மற்றவற்றைப் போலவே எண் ஒட்டி அனுப்புவாளாம். எது தண்ணீர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கு எப்போதும் "இல்லை" என்றுதான் வர வேண்டும். வேறு மாதிரி வந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். இப்போது திரையில் தண்ணீருக்கு நேரே "உண்டு" என்று இருந்தது.

"அப்ப ஆய்வுக்கூடத்துக்காரங்க சொதப்பிட்டாங்களா?" என்றேன். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.

அண்ணி போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தக் குழாய்க்கு நாங்க இல்லைன்னுதானே அனுப்பியிருக்கோம் மேடம்? உங்க பக்கம் பாருங்க."

போனை வைத்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான். முடிவு வந்ததும் குழாய் நம்பருக்குப் பக்கத்துல சேர்த்தேன். அப்படியே டாக்டர்கிட்ட கொடுத்திருக்கணும், நான் பார்க்கக் கூடாது. மனசு கேக்கல. உண்டுன்னு வந்ததை எல்லாம் மேலே கொண்டுவந்தா உங்க அண்ணன் பிடிச்சது அதுல இருக்கான்னு ஒரே பார்வையில தெரிஞ்சுடும்னு அடுக்கச் சொன்னேன். பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து நகர்த்தவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. நான் படிக்காமலே எதையோ அமுக்கிட்டேன். முடிவு மட்டும் மேலே போயிடுச்சு, நம்பர் எல்லாம் இருந்த இடத்துலயே நின்னுடுச்சு. யாரோட முடிவோ யாருக்கோ."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது என் அண்ணன் மேல் விழுந்திருக்கிறது. அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. என் மகள் அவன் தோளில் உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அப்ப அண்ணனைக் கடிச்சதுக்கு என்ன முடிவு? அசல் உங்ககிட்ட இருக்குல்ல, திறந்து பாருங்க."

"நான் பார்க்க மாட்டேன்."

"அண்ணி!"

"ஆசையோட பார்த்துதான் இவ்வளவும் ஆச்சு. பார்க்க வேண்டியவங்க பார்க்கட்டும். வா."

தாழ்வாரத்தில் அவள் ஓடவில்லை. ஆனால் அவளோடு சேர்ந்து நடக்க எனக்கு மூச்சு வாங்கியது. இயக்குநர் மேடத்தின் அறையில் டாக்டரும் இருந்தார். அண்ணி உட்காரவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு வார்த்தை கூட இல்லாமல் சொன்னாள்.

"முடிவை நீங்க முதல்ல பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கே. அந்த விதியை எழுதினது யாரு?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம்."

மேடம் ஆய்வுக்கூடம் அனுப்பிய அசலைத் தன் கணினியில் திறந்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டாக்டரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உண்டு" என்றார் டாக்டர். சொன்ன கையோடு போனை எடுத்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஆம்புலன்ஸ் வீட்டுக்குப் போனது. முகம் முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் அண்ணனை இறக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் மருந்து ஏறத் தொடங்கியது. காய்ச்சலுக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தொற்றாது, இருந்தாலும் குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். வேனை வேறொரு டிரைவரிடம் கொடுத்தேன். என் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கேஸுக்காகப் படியேறுகிறவளைப் பார்த்துச் சிரித்தேனே, என் கதி அதற்கு மேல் போயிற்று.

அண்ணனின் ரத்தமும் அதே ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்த முடிவு தன் கைக்கு வரக் கூடாது, நேராக டாக்டருக்கே போக வேண்டும் என்று அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டாள். இடைப்பட்ட நாட்களில் குலைந்த தகவலை முதலிலிருந்து அடுக்கினாள். இந்த முறை பக்கத்தில் வேறொருவரை உட்காரவைத்து, அவர் சரியென்று சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். சரியாக அடுக்கியபோது கிருமி அங்கொன்று இங்கொன்றாக நின்றது. அதிலும் பெரும்பாலானவை வெட்டி மொட்டையாக விட்ட ஓரங்களில் பிடித்தவை. நட்ட காட்டில் மிகக் குறைவு. கூட்டத்தை ரத்து செய்தார்கள். தவறு யாருடையது என்று அறிக்கையில் அண்ணியின் பெயரே இருந்தது. எழுதியதும் அவள்தான். வேலை இருக்குமா போகுமா என்று நான் கேட்டதற்கு, "முதல்ல அவர் வரட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கும் எங்களுக்கும் நடுவே கண்ணாடி. பேசுவதற்கு இரண்டு பக்கமும் ஒரு போன். மருந்து அவனை வாட்டிவிட்டது; கண் மஞ்சளாக, கன்னம் ஒட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தான். அண்ணி தினமும் போவாள், கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள், "சாப்பிட்டீங்களா" என்பாள், அழுவாள், வந்துவிடுவாள். தவறு யாருடையது என்று அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவோடு டாக்டர் வந்த அன்று நாங்கள் இருவரும் அங்கேதான் இருந்தோம்.

"ரத்தத்துல கிருமி இல்ல" என்றார்.

அண்ணி அசையவில்லை. "டாக்டர், முடிவை மட்டும் சொல்லாதீங்க. நம்பர்லேருந்து படிங்க" என்றாள்.

அவர் முகம் சுளிக்கவில்லை. கையிலிருந்த தாளில் விரலை வைத்து எண், வயது, ஆண், ரத்தம் எடுத்த தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கடைசியில் "இல்லை" என்றார். அண்ணி தாளை வாங்கித் தன் விரலையும் அதே வழியில் ஓட்டினாள். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "நான் அவரைக் கொன்னிருப்பேன்" என்று அவள் சொன்னதை அந்த நடையில் இருந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் எழுந்து உட்கார்ந்து போனை எடுத்துவிட்டான். எங்கள் பக்கத்துப் போனை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போனில் அவன் குரல் எனக்கும் கேட்டது.

"ஒரு மரத்து நம்பருக்கு என்னை மழையில திருப்பி அனுப்பினவ நீ. உனக்கு எப்படி இப்படிக் கை முந்திச்சு?"

அண்ணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் வெறும் நம்பர். அதுல மட்டும் நீங்க இருந்தீங்க."