மாஸ்க் ஒட்டும் இடம்

இரண்டு உள்ளங்கைகளையும் மாஸ்க்கின் இரண்டு வடிகட்டிகள்மேல் பொத்திக்கொண்டு சீனி மூச்சை உள்ளே இழுக்கிறான். ரப்பர் சப்பென்று முகத்தோடு ஒட்ட வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணி முடிக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். நடுவில் எங்கேயாவது புஸ்ஸென்று காற்று நுழைந்தால் வாரைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி முதலிலிருந்து. அப்போதும் நுழைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையடியில் அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் கடையில் பதினாறு வருஷமாக இது நடக்கிறது. சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்த மறந்த நாள் உண்டு. இதை மறந்த நாள் இல்லை.

வேலை, ஏர்பிரஷ். பேனா பருமனில் ஒரு கருவி, அதன் அடியில் காற்றுக் குழாய், மேலே நாலு சொட்டுச் சாயம் கொள்ளும் ஒரு கிண்ணம். அதை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் டேங்க்கில் புலி போடுவான், ஹெல்மெட்டில் வேல் போடுவான், தைப்பூசம் நெருங்கினால் காவடிப் பலகையில் மயில் போடுவான். மயில் கழுத்தில் நீலம் எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்று கண்ணை வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. எப்படி அண்ணே என்று கேட்டால், "காத்து மொதல்ல, பெயிண்ட் பெறகு. நிறுத்தறப்ப பெயிண்ட் மொதல்ல, காத்து கடைசி. அவ்ளோதான் லா" என்பான். அவ்வளவுதான் என்றால் ஈப்போவில் ஆளுக்கொரு மயில் போட்டிருப்பார்கள்.

அவசரக்காரன் கையில் அந்தக் கருவி பொட்டுப் பொட்டாகத் துப்பும். சீனியிடம் துப்பாது. சுவரில் ஒட்டிய பழைய பேப்பரில் இரண்டு கோடு இழுத்துப் பார்க்காமல் அவன் எதையும் தொடுவதில்லை. ஒரே மூச்சில் நிரப்புவதும் இல்லை. மெல்லிசாக ஒரு பூச்சு, காயட்டும், அதன்மேல் இன்னொன்று. நிறம் மாற்றும்போதெல்லாம் ஊசியை உருவித் துடைப்பான். தின்னர் டப்பா மூடியை ஒரு நிமிஷம் திறந்து போட்டால் சொந்தத் தம்பியாக இருந்தாலும் ஏச்சு விழும். சிகரெட்டோடு வருகிறவன் கடைக்கு முன்னால் ஓடும் சடக்குக்கு அந்தப் பக்கமே நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். வேலை முடிந்தும் காற்றாடி பதினைந்து நிமிஷம் ஓடின பிறகுதான் யாரும் உள்ளே வரலாம். அதுவரை கடைவாசலில் ஒரு கயிறு தொங்கும்.

இத்தனை கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவன் அம்மா மருந்தடிக்கிற வேலை பார்த்தாள். முதுகில் டின், கையில் குழாய், மூக்கில் குளிக்கிற துண்டு. புல்லுக்குப் போனது பாதி, அவளுக்குள் போனது பாதி. விரல் நகங்கள் கறுத்து விழுந்தன. கடைசி இரண்டு வருஷம் லயத்து வாசல்படி மூன்றை ஏற அவளுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. தொழில் கற்றுக்கொள்ள வந்து மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் சீனிக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ. "துண்டு கட்டினா மாஸ்க் ஆயிடுமா? போய்ட்டு மாஸ்க்கோட வா" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

இப்படிப்பட்ட ஆள் இப்போது தாடியோடு திரிகிறான். அதுவும் என்ன தாடி. மீசை இருக்கிறது, உதட்டுக்குக் கீழே கொத்தாக மயிர் இருக்கிறது, காதோரத்திலும் கழுத்திலும் காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது. நடுவில் மட்டும், ஒரு கன்னத்தில் தொடங்கித் தாடைக்கு அடியில் போய் மறுகன்னத்தில் ஏறும் இரண்டு விரல் அகல வழி, மழமழவென்று சிரைத்துக் கிடக்கிறது. "என்ன அண்ணே, மூஞ்சில சடக்கு போட்டுருக்கீங்க. டோல் எங்க?" என்று பையன்கள் கேட்கிறார்கள். சீனியும் சிரித்து வைக்கிறான். சிரிப்பு அந்த வழிக்குக் கீழே இறங்குவதில்லை.

பெண்டாட்டி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். முதல் இரண்டு தடவையும் சீனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாடி இருந்தால் ரப்பர் முகத்தில் ஒட்டாது. ஒட்டாத மாஸ்க்கும் அம்மாவின் துண்டும் ஒன்றுதான். தினமும் சவரம் பண்ணிக்கொண்டான். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில். அந்த இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி நடையில், தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்த மாமியார் மாரியம்மா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு பத்து மாசம் கத்தி வெக்காம இருந்திருக்கலாம் மாப்ள" என்றார். ஏசவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. ஏசியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பான்.

நான்கு வருஷம் கழித்து, பெண்டாட்டி நவமணிக்கு முப்பத்தெட்டு வயதில், இது மூன்றாவது. கையுறைத் தொழிற்சாலை வேலையை அவள் இரண்டாம் மாதமே விட்டுவிட்டாள். சீனி சவரக்கத்தியைக் குப்பையில் போட்டான். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். ஆனாலும் கத்தியைக் குப்பையிலிருந்து திருப்பி எடுக்கவில்லை.

தாடி வளர வளர மாஸ்க் கைவிட்டது. உள்ளங்கையைப் பொத்தி இழுத்தால் இடது தாடையோரம் புஸ். இறுக்கினால் வலது பக்கம் புஸ். சரி, தண்ணீரில் கரைக்கிற பெயிண்ட் வேலை மட்டும் போதும் என்று முடிவு பண்ணினான். அதன் தூசும் நெஞ்சுக்கு ஆகாதுதான், ஆனால் ஆளைச் சாய்ப்பது, சாயம் அழியாமல் இருக்க மேலே அடிக்கிற கிளியர். அதில் கலக்கிற ஹார்டனர் ஒருமுறை நெஞ்சில் ஏறினால் அடுத்த முறை மூச்சை அடைக்கத் துளி போதும். கிளியர் வேலையை எல்லாம் வேறு கடைக்கு அனுப்பினான். அங்கே எவனோ அழுத்தித் தேய்த்ததில் ஒரு மயிலின் கழுத்து மொத்தமாகப் போய்விட்டது.

அப்போதுதான் மகேந்திரன் வந்தார். லோரி ஓட்டுகிறவர். ஒரு டேங்க்கைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மகன் தனேஷின் மோட்டார் டேங்க் அது. பையன் போன வருஷம் அதே மோட்டாரில் விழுந்து செத்துப்போனான், வயது இருபத்தொன்று. வருஷத் திதிக்குள் டேங்க்கில் அவன் முகத்தைப் போட்டுத் தர வேண்டும். "கண்ண மட்டும் சரியா போட்டுருங்க தம்பி. வெயில்ல இப்படிச் சுருக்கிக்கிட்டுத்தான் சிரிப்பான்" என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார். கிளியர் இல்லாமல் டேங்க்கில் எதுவும் நிற்காது, இரண்டு சொட்டு பெட்ரோல் வழிந்தால் அந்தக் கண் கரைந்துவிடும். வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான் சீனி. மனுஷன் அந்தத் துண்டை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். டேங்க்கை வாங்கி மேசைமேல் வைத்தான்.

முகம் போட ஒன்பது நாள். கண்ணுக்கு மட்டும் மூன்று நாள். பிறகு ஒரு சாயங்காலம், காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, வாரை வலிக்க வலிக்க இறுக்கி, புஸ் என்ற சத்தம் காதில் விழ விழ, முதல் கிளியரை அடித்தான். ஒட்டாத மாஸ்க்கோடு கிளியர் அடித்தது பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி இருந்தது. விசில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினான். அவன் மூச்சிலிருந்துதான் வந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக் குடும்பம். முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, எழுதுவதை நிறுத்தாமலே பேசினார். "இந்தச் சாமானை விட்டு விலகுறதுதான் நல்லது தம்பி. விலக ஏலாட்டி தாடியை எடும். ரெண்டையும் வச்சுக்கொண்டு இருக்க நினைச்சால், பிள்ளையைப் பாக்க நீர் இருக்க மாட்டீர்." உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். சீனி அதை நவமணியிடம் காட்டவில்லை.

இரண்டு வாரம் யோசித்தான். இந்த வாரம் திங்கட்கிழமை காலை கடையில் கண்ணாடி முன்னால் மாஸ்க்கை அழுத்தி மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்தான். கழற்றியபோது ரப்பர் விளிம்பு தாடியைப் படியவைத்துச் சிவப்பாக ஒரு தடம் விட்டிருந்தது. மயிலுக்கும் புலிக்கும் ஒட்டுகிற அதே மெல்லிய டேப்பை எடுத்துத் தடத்தின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினான். நடுவில் மட்டும் புதுக் கத்தியை வைத்தான். கை நடுங்காத மனுஷன். அன்றைக்கு மூன்று இடத்தில் கீறிக்கொண்டான். விழுந்த மயிரைக் கூட்டித் தள்ள மனசு வரவில்லை. பேப்பரில் மடித்து, டேப் சுற்றி, சாயப் பெட்டிக்குள் வைத்தான். உள்ளங்கைகளைப் பொத்தி இழுத்துப் பார்த்தான். ஒட்டியது, பத்து வரைக்கும் நின்றது.

சாயங்காலம் நவமணி பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னங்க இது கோலம்?"

"மாஸ்க் ஒட்டற எடம் மட்டும்தான். மத்தத தொடல."

சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் வந்து விரலால் அந்த வழியை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னம் வரை தடவிப் பார்த்தாள். நெஞ்சு விசிலடிப்பதை அவள் எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறாள். மருந்தைச் சட்டைப் பையில் பார்த்தும் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் பயம். இரண்டு பேரும் மற்றவரிடம் சொல்லவில்லை.

"முழுசா எடுக்கலதானே?"

"முழுசா எடுக்கல."

"அப்ப அது சவரம் இல்ல லா" என்றாள். சமையலறைக்குப் போகும்போது திரும்பி, "ஞாயித்துக்கெழம அம்மா வாராங்க. வளர்ந்துடுமா?" என்று கேட்டாள்.

ஏழாம் மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளை உதைப்பதை எண்ண வேண்டும். பத்தாவது உதை எத்தனை மணிக்கு என்று அட்டையில் குறிக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் உடனே வந்துவிட வேண்டும். போன வாரமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பத்து வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு வந்தது. புதன்கிழமை நாலு மணிக்கு. சில நாள் பிள்ளை தூங்கும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். சீனி அந்த அட்டையை எடுத்துத் திங்கட்கிழமைக்கு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், கத்திக்கும் கருப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய.

இன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை தனேஷின் திதி. டேங்க்குக்குக் கடைசிக் கிளியர் இன்றைக்கே அடித்தால்தான் காயும். அட்டையோடு வீட்டில் தனியாக உட்கார நவமணியால் முடியவில்லை, கூடவே வந்துவிட்டாள். சடக்குக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசை பார்த்து, கண்ணாடியை ஏற்றி, அவளைக் காரிலேயே உட்கார வைத்திருக்கிறான். மணி ஐந்தரை, பத்தாவது உதை இன்னும் வரவில்லை. இது வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம் என்று ஒருதடவை கார் அருகில் போய்ச் சொல்லிப் பார்த்தான்.

"அந்த அப்பா காத்துக்கிட்டு இருக்காரு லா. பத்து நிமிஷ வேலதானே. முடிச்சிட்டு வாங்க, நேரா போலாம்" என்றாள். ஒரு கை வயிற்றின்மேலேயே இருந்தது.

கிளியரைக் கலந்தாயிற்று. கலந்த பின் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. டேங்க்கில் தனேஷ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறான். சீனி வாசலுக்கு வந்து, கயிற்றுக்குப் பின்னால் நின்று, எத்தனை என்று தலையை ஆட்டிக் கேட்கிறான். கார்க் கண்ணாடிக்குள் நவமணி இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டுகிறாள். ஒன்பது விரல். சுண்டுவிரல் ஒன்று மட்டும் மடங்கியிருக்கிறது.

சீனி மாஸ்க்கை மாட்டி, உள்ளங்கைகளைப் பொத்தி, மூச்சை இழுக்கிறான். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கமும் புஸ் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து. எண்ணி முடித்தும் அவன் கையை எடுக்கவில்லை, மூச்சையும் விடவில்லை, மடங்கிய அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.