கிராணி எழுதிய புருசன்

ரஞ்சிதத்துக்கு இரண்டு புருசன்கள். ஒருவன் தாலி கட்டியவன், இன்னொருவன் கிராணி எழுதியவன். இதைச் சொல்லிச் சொல்லி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிரிக்காத வாய் கிடையாது. சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்?

தாலி கட்டிய சின்னையா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கொழுந்து லாரி சரிவில் புரண்டபோது போய்விட்டான். பிள்ளைகுட்டி இல்லை. வேலையில் செத்தவன் பெண்டாட்டி என்று அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தது. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாதவரை வரும் என்றார்கள். அவளும் தலையாட்டிக் கைநாட்டு வைத்தாள்.

எழுபத்தெட்டில் நிர்வாகம் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டியது. மழை ஒழுகாத கூரை, உள்ளேயே தண்ணீர்க் குழாய். ஆனால் புருசனும் பெண்டாட்டியுமாகப் பேர் பதிந்து வேலை செய்கிற குடும்பத்துக்குத்தான் வீடு என்று துரை சொல்லிவிட்டார். தனிக்கட்டைகளுக்கு ஆற்றோரத் தகரக் கொட்டகை. ரஞ்சிதம் ஒரு தனிக்கட்டை. ஆலையில் இலை வாட்டுகிற நல்லுசாமி இன்னொரு தனிக்கட்டை. அவன் கல்யாணமே செய்துகொள்ளாதவன். தோட்டத்து ஆபீசில் கணக்கும் பதிவும் எழுதுகிற பெரிய கிராணி நாகரத்தினம் நல்ல மனுசர். நல்லது செய்கிறேன் என்று வம்பை விலைக்கு வாங்கித் தருகிற ரகம். தோட்டத்துப் பதிவில் இருவரையும் புருசன் பெண்டாட்டி என்று எழுதி, ஒரு வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். இப்படி எழுதி வீடு வாங்கியது இவர்கள் மட்டுமா என்ன?

முன்னறை அவனுக்கு, உள்ளறை அவளுக்கு. குசினி பொது, அடுப்பு இரண்டு. அவள் அவனை ‘அண்ணே’ என்றாள். அவன் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டான், தொண்டையைச் செருமுவான், அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் விறகெல்லாம் நனைந்துபோய், இருக்கிற காய்ந்த விறகுக்கு ஒரு அடுப்பு எரிந்தால் போதும் என்று ஆனது. பிறகு வெயில் வந்தும் இரண்டாவது அடுப்பை யாரும் மூட்டவில்லை. எப்போது ‘அண்ணே’ போய் ‘இந்தாங்க’ வந்தது என்று அவளுக்கே தெரியாது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊர் நம்பவில்லையா, போகட்டும். வேலை முடிந்து குளிரில் வீடு திரும்பினால் உள்ளே இன்னொரு மனுசர் இருமுகிற சத்தம் கேட்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எண்பத்து மூன்றில், மாதத் தொகை தருகிற அரசாங்க ஆபீசிலிருந்து அவளைப் பற்றி விசாரித்துத் தோட்டத்துக்கு எழுதினார்கள். நாகரத்தினம் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்த கிராணி பதிவில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. மாதத் தொகை நின்றது. கல்யாணமானதை மறைத்து ஐந்து வருடமாக வாங்கிய மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளிப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. சம்பளத்தில் பிடித்தால் அரிசி வாங்கவே மிஞ்சாது.

ரஞ்சிதம் பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்குப் பஸ் ஏறினாள். அந்த அரசாங்க ஆபீசில் இருந்தவர் மூர்த்தி, கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். கத்தவில்லை, விரட்டவில்லை. தள்ளுபடி கேட்டு மனுப் போடலாம் என்றார். ஆனால் கல்யாணம் ஆகவில்லை, குடும்பமாக வாழவில்லை என்று இருவரும் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம்.

அன்று சாப்பிடும்போது நல்லுசாமியிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“அதுக்கென்ன, போய்ச் சொல்லிட்டு வந்துரலாம்லா” என்றான்.

வேறு ஏதாவது சொல்வான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. எதற்கு மறுக்க வேண்டும், நிஜமாகவே கட்டிக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் கடன் முழுக்கத் தலையில் விழுந்திருக்கும், நாற்பத்தைந்து வயதில் கல்யாணமா என்று ஊர் கைகொட்டியிருக்கும். அதெல்லாம் தெரிந்தும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

ஆபீசில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார் மூர்த்தி. இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“யாருமில்லீங்க. தோட்டத்துல கூட வேல செய்றவரு.”

எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். ரஞ்சிதம் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன் என்றாள். சமையல் எப்படி என்று அவர் கேட்டபோது நல்லுசாமி முந்திக்கொண்டான்.

“ரெண்டு அடுப்புங்க ஐயா. இன்னிக்கு வரைக்கும் அவங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல.”

தனக்காகத்தான் சொல்கிறான் என்று தெரியாதா அவளுக்கு? தெரிந்தும் நெஞ்சில் சுருக்கென்றது. காலையில் அவள் கலக்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தான்.

மூர்த்தி எழுதி முடித்து, ஒரே வீட்டில் இருந்தால் மனு நிற்காது என்பதையும் தணிவாகச் சொன்னார். திரும்பும்போது நல்லுசாமி பஸ்ஸின் பின்பக்கம் ஆண்களோடு போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் அவள் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது முன்னறை கூட்டிப் பெருக்கியிருந்தது. துணிமணி ஒன்றும் இல்லை. திரிங்காப்பில் ஒரு சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டு மணியம்மா சொன்னாள். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை பாவி. அந்த மாதக் கடைசியில், இனி நீ குடும்பமில்லை என்று சொல்லி நிர்வாகம் அவளைக் கொட்டகைக்கு மாற்றியது.

மனுவுக்குப் பதில் வந்ததும் கிராணியே கொட்டகைக்கு வந்து படித்துச் சொன்னான். ‘பார்த்துக்கொள்ள எவரும் இல்லாத நிலையைக் கருதி’ முழுத் தொகையும் தள்ளுபடி. மாதத் தொகையும் திரும்ப வரும். அதிர்ஷ்டக்காரி என்றான். அக்கம்பக்கத்துப் பெண்கள் சீனி மிட்டாய் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தாள். அவள் மட்டும் தின்னவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்கறி லாரி ஒன்றில் கெஞ்சி ஏறித் திரிங்காப்புக்குப் போனாள். நல்லுசாமி ரப்பர் சப்பாத்தோடு கோஸ் பாத்தியில் நின்றான், இளைத்திருந்தான். கடனைத் தள்ளிவிட்டார்களா என்று கேட்டான். தள்ளிவிட்டார்கள் என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டாள்.

“வந்துருங்க. காசு போனாப் போவுது. பழைய கடன் திரும்ப வந்தாலும் ரெண்டு பேரு சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமா அடைச்சிரலாம்.”

அவன் குனிந்து பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டான்.

“ஒன் தலையில கடனக் கட்டிட்டு நான் ஒக்காந்து சோறு திங்கவா? இங்க வராத, தங்கச்சி. யாராச்சும் பாத்தா ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவாங்க.”

தங்கச்சி! அத்தனை வருடத்தில் அவன் அவளை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். ரஞ்சிதம் ரோட்டோரத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வருடம், தொகை தொடர்வதற்கான விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூர்த்தி குனிந்து எழுதிக்கொண்டே, கூட யாராவது இருக்கிறார்களா அம்மா என்று கேட்டார். வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“யாருமில்லீங்க” என்றாள். இந்த முறை அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.