எல்லாம் விற்றுப்போன கட்டிடத்தில் ஒரு மளிகைக் கடை

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் தலைக்கு மேலேயே இருப்பார்கள். கடைக்குள் மட்டும் வரமாட்டார்கள். புதுக் கட்டிடத்தில் கடை வாங்கி, காலையில் ஷட்டரை ஏற்றி மாலையில் இறக்குவதையே தொழிலாகச் செய்துகொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் படித்தால் சிரிப்பு வரும். உங்களுக்கு வயிறு எரியும்.

நான் சவுதியில், ஜித்தாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வருஷக்கணக்காக சரக்கு அடுக்கியவன். போன தடவை லீவில் வந்தபோது என் மனைவி ஹபீபா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இனிமே உங்கள வழியனுப்ப நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்." மகள் ஆயிஷா என்னை வாப்பா என்று கூப்பிடவே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் ஊர் கிள்ளைப் பக்கம் இருந்த கொல்லை நிலத்தை விற்றேன். சிதம்பரம் புறவழிச்சாலையில் எழும்பியிருந்த புதுக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடையை வாங்கினேன். கடை ஓடினால் ஊரில் இருப்பேன், ஓடாவிட்டால் மறுபடி விமானம். எனக்கு இருந்தது இந்த ஒரு கணக்குதான்.

சிவப்பு ஸ்டிக்கர்

பில்டரின் ஆபீஸ் கடலூரில். அங்கே சேல்ஸ் பார்க்கும் தம்பி கட்டிடத்தின் பெரிய படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். விற்ற வீட்டுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர். படம் முழுக்கச் சிவப்பு. "எல்லாம் வித்துப்போச்சு பாய், கடைதான் பாக்கி" என்றார். இத்தனை வீட்டுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மனதுக்குள் மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டே ஊருக்கு பஸ் ஏறினேன். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

துவா ஓதி, சர்க்கரை கொடுத்து, கடையைத் திறந்தேன். அன்று மாலை மக்ரிப் தொழுதுவிட்டு வந்து வெளியே நின்று மேலே பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து ஜன்னலில்தான் விளக்கு. மற்றதெல்லாம் இருட்டு. கரண்ட் போய்விட்டதோ என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

ஜித்தாவில் என்னோடு ஒரே அறையில் படுத்தவர்கள் ஊரில் வீடு வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவியைக்கூட அங்கேதான் ஆணியில் மாட்டியிருப்பார்கள். அதைத் தினமும் பார்த்தவன் நான். ஆனாலும் சேல்ஸ் தம்பியிடம், வீடு வாங்கியவன் ஊரில் இருக்கிறானா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நானும் கொல்லையை ஊரில் வைத்துவிட்டு ஜித்தாவில் இருந்தவன்தானே. வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட்லாம் இருக்குது பாய். ஆளுங்கதான் இல்ல. வாங்குனவங்க பூரா துபாய், கத்தார், சவுதில இருக்காங்க. லீவுல வருவாங்க, பூட்டத் தொறந்து ஃபேனு சுத்துதான்னு பாத்துட்டு, மறுபடி பூட்டிக்கினு போயிடுவாங்க."

எந்த வீட்டுக்கு?

சரி, வீட்டுக்காரர்கள் இல்லாவிட்டால் என்ன, சாலையில் போகிறவர்கள் வருவார்கள் என்று தேற்றிக்கொண்டேன். அப்போது கடைக்கு முன்னால் சாலை தெரிந்தது. கொஞ்ச நாளில் கட்டிடத்து அசோசியேஷன்காரர்கள் மதில் எழுப்பிவிட்டார்கள். பாதுகாப்பாம். என் கடை மதிலுக்கு உள்ளே போய்விட்டது. சாலைப் பக்கம் ஒரு போர்டாவது வைக்கிறேன் என்றால், கட்டிடத்தின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். கடைசியில் லிஃப்டுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு போர்டு வைக்க அனுமதி கிடைத்தது. அதைப் படிக்கக் கட்டிடத்துக்குள் வந்தாக வேண்டும்.

பின்னால் இருக்கிற காலனியிலிருந்து ஒரு அக்கா உள்ளே கடை இருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் கொத்தமல்லி வாங்க வந்தார். கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி எந்த வீட்டுக்கு, யாரைப் பார்க்க, போன் நம்பர் என்ன என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறான். நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவர் கொத்தமல்லியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், அதற்குப் பிறகு வரவே இல்லை: "ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இவ்ளோ கேள்வியாப்பா? என் மவளப் பொண்ணு பாக்க வந்தவங்கள்ட்டகூட நாங்க இவ்ளோ கேக்கல."

நம்பிக்கையான தராசு

விளக்கு எரிகிற வீடுகளாவது என்னிடம் வாங்கினவா என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு எல்லாம் செல்போனில் வருகிறது. சோப்பு வருகிறது, எண்ணெய் வருகிறது, கருவேப்பிலைகூட வருகிறது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளை இறக்கி வைக்க இடம் வேண்டும் அல்லவா? என் கடை இருக்கிறதே. நான் விற்க வைத்திருக்கும் சோப்புக்கு முன்னால், அடுத்தவன் விற்ற சோப்பை அடுக்கி வைத்துக் காவல் காத்தேன். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், அவர்கள் என்றைக்காவது வாங்க வருகிற தீப்பெட்டியும் நின்றுபோகும்.

மூன்றாம் மாடி டீச்சரம்மா நல்ல மனுஷி, பார்த்தால் சிரிப்பார். ஒரு நாள் அவருக்கு அரிசி மூட்டை வந்தது, ஆன்லைனில். அதே அரிசி என் கடையில் வாசலிலேயே நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். எடை குறைகிற மாதிரி இருக்கிறதாம். கொஞ்சம் போட்டுப் பார்க்க முடியுமா என்றார். போட்டேன். குறைந்தது. அவர் அங்கேயே நின்று, என் தராசைப் போட்டோ எடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, பதிலுக்கு வேறு மூட்டை வரவழைத்தார். அதுவும் என் கடையில்தான் இறங்கியது. அதையும் எடை போடச் சொன்னார். நான் மூட்டையை இறக்கும்போது மனசாரப் பாராட்டினார்: "எங்க வாங்குனாலும் சரி பாய், எடை பாக்கணும்னா உங்க கடைத் தராசுதான். அவ்ளோ நம்பிக்கை."

கறுப்புக் கவர்

என் கடையில் உண்மையிலேயே விற்ற ஒரே சரக்கு கருவாடு. எங்கள் ஊர்க் கருவாடு, உப்பும் வெயிலும் சரியாகப் பிடித்தது. செல்போனில் வருகிற கருவாடு இதற்குக் கிட்டே நிற்காது. வாட்ச்மேன் வாங்கினார், காரோட்டிகள் வாங்கினார்கள், மேலிருந்து இரண்டு மூன்று வீடுகள் வாங்கத் தொடங்கின. செய்தி பரவி வெளியாட்கள்கூட கேட்டில் சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஹபீபா கிள்ளையிலிருந்து பொறுக்கியெடுத்து அனுப்புவாள். இதை வைத்தே தலை நிமிர்ந்துவிடலாம் என்று நம்பினேன்.

பொறுக்குமா? லிஃப்டில் வாடை வருகிறது, விருந்தாளிகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று அசோசியேஷன் கூட்டத்தில் தடை போட்டார்கள். உத்தரவை எடுத்துக்கொண்டு செயலாளரே வந்தார். ரிட்டயர் ஆன அதிகாரி, பேச்சில் மரியாதை குறையாது. நான் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவர் போவார் என்று பார்த்தால் போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்: "அந்த வஞ்சிரக் கருவாடு மட்டும் வாராவாரம் கொஞ்சம் எடுத்து வைங்க பாய். பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, நான் வாக்கிங் போறப்ப கேட்டுக்கு வெளில வந்து குடுத்துடுங்க. யாராவது கேட்டா பெருங்காயம்னு சொல்லிக்கலாம்."

லிஃப்ட்

பக்கத்துக் கடை செந்திலுடையது. சலூன். முடி வளர்ந்த தலையெல்லாம் துபாயில் இருக்க, அவர் இங்கே கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அசோசியேஷனில் கீழ்க்கடைகளுக்கும் சேர்த்து லிஃப்ட் பராமரிப்புச் செலவு போட்டார்கள். தரையில் இருக்கிறவனுக்கு எதற்கு லிஃப்ட் என்று கேட்டோம். எல்லோருக்கும் பொது என்றார்கள். செந்தில் அதோடு வாக்குவாதத்தை விட்டுவிட்டார். மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சலூனைச் சாத்திவிட்டு லிஃப்டில் ஏறுவார், மொட்டை மாடி வரை போவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். என்ன மச்சான் இது என்று கேட்டேன். "குடுத்த காசுக்கு ஏறி எறங்கிக் கழிக்கிறேன் பாய். நீயும் வா, மேலேந்து பாத்தா நம்ம கட ரெண்டும் தெரியவே தெரியாது."

மெழுகுவத்தி

பிறகு ஒரு புயல் வந்தது. எங்கள் பக்கத்துக்குப் புயல் புதிதில்லை. வானொலி சொல்லும் முன்பே கடலூர் முதுநகருக்குப் போய், பால் பவுடர், ரொட்டி, மெழுகுவத்தி, கொசுவத்தி என்று இறக்கி வைத்துவிட்டேன். மழை கொட்டியது. சாலை மூழ்கியது, கரண்ட் போனது, செல்போன் டவரும் போனது. மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அடடா, எத்தனை முகங்கள்! சிலரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பாய் எனக்கு, பாய் எனக்கு என்று கை நீட்டினார்கள். ஹபீபா கிள்ளையில் பால்காரரிடம் கெஞ்சி வாங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மீதித் தூரம் நடந்து, கேனோடு வந்து சேர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அளந்து ஊற்ற, நான் பொட்டலம் கட்டினேன். ஒரு பைசா கூட்டி விற்கவில்லை. "இப்பதாங்க இது கடையா இருக்குது" என்றாள். அந்த ஈரத்திலும் எனக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. இனி இவர்கள் நம்மை விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

தண்ணீர் வடிந்தது. சாலையில் முதலில் வந்தது ஆம்புலன்ஸும் இல்லை, பஸ்ஸும் இல்லை. முதுகில் பெரிய பையோடு டெலிவரி பைக். சேற்றைத் தெளித்துக்கொண்டு வந்து, இந்த வீடு எங்கே என்று என்னிடம்தான் வழி கேட்டான். அவன் பின்னாலேயே டீச்சரம்மா இறங்கி வந்தார். கடைக்குத்தான் வருகிறார் என்று நானும் ஹபீபாவும் எழுந்து நின்றோம். கையில் இருந்த கவரை மேஜையில் வைத்துவிட்டு அதே நல்ல சிரிப்போடு சொன்னார்: "கரண்ட் வந்துடுச்சு பாய். இந்த மெழுகுவத்தியப் பிரிக்கவே இல்ல, திருப்பி எடுத்துக்குங்க."

ஓனர் எங்கே?

ஹபீபா கவரைப் பிரித்து மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினாள். அந்த அடுக்கலைப் பார்த்தபோதே கடை இனி ஓடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செந்தில் ஏற்கெனவே சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாற்காலி போட இடம் பிடித்துப் போய்விட்டார். என் கடையை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஆள் தேடினேன். வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. பழைய முதலாளிக்குப் போன் போட்டேன். விசா வந்தது. ஆயிஷா இப்போதுதான் கூச்சமில்லாமல் வாப்பா என்று கூப்பிடக் கற்றிருந்தாள். ஹபீபா அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்னு சொன்னேன்ல, வரமாட்டேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மீந்த சரக்கை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கடைசியாக ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தேன். சேல்ஸ் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கையில் பெரிய வாட்ச், காலில் புதுச் செருப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. யாரோ விற்கிற வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். கீழே கடையெல்லாம் உண்டா, அதெல்லாம் யாருடையது, ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார். தம்பிக்கு என் முகம் மறந்துவிட்டது. சாவி என் கையில் இருந்தது, டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. நான் நிற்பதைத் தாண்டி என் ஷட்டரைக் கைகாட்டி, அன்று எனக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்: "கடையும் எல்லாம் வித்துப்போச்சு சார். இது ஓனரு ஃபாரின்ல இருக்காரு."

இப்போதும் எனக்கு வேலை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளக் கடையில்தான், ஜித்தாவில். மாலையில் வெளியே நின்று மேலே பார்த்தால் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் விளக்கு எரிகிறது, ஏனென்றால் சிதம்பரத்தில் வீடு வாங்கியவர்கள் எல்லோரும் இங்கேதான் குடியிருக்கிறார்கள்.