அட்டையில் பத்து, லைனில் பத்து

பனியன் கம்பெனி நர்ஸ் என்றால் ஒரு சின்ன ரூம், ஒரு கட்டில், ஒரு முதலுதவிப் பெட்டி, அப்புறம் நம்மைவிட நன்றாக வைத்தியம் தெரிந்த நானூறு பேர். என்னைப் போலக் கம்பெனி நர்ஸாகக் குப்பை கொட்டும் சகோதரிகளே, உங்கள் பிழைப்பும் இதேதான் என்று எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அனுப்பர்பாளையத்துப் பக்கம் எங்கள் கம்பெனிக்குள் ஃப்ளூ காய்ச்சல் புகுந்து புறப்பட்ட கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒரு செட்

எங்கள் ஆட்கள் மெடிக்கலில் போய் "ஒரு செட் குடுங்க" என்று கேட்டே பழகியவர்கள். செட் என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, போனால் போகிறது என்று ஒரு ஆன்டிபயாடிக், எல்லாம் ஒரே காகிதத்தில் மடித்தது. ஃப்ளூ வைரஸால் வருவது, அதனிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது, ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சு வாங்கினால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள் என்று பாடம் நடத்திவிட்டு ஒரு பாராசிட்டமால் கொடுப்பேன். பேட்லாக் மிஷினில் தைக்கும் டைலர் ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செவப்பு ஒண்ணு, மஞ்ச ஒண்ணு இல்லாம, வெறும் வெள்ளைய வெச்சு எந்தக் காச்சலுங்க போகும்?"

வற்றிய தண்ணீர்

அந்த வாரமே முதலாளி கபசுரக் குடிநீர்ப் பொடியை மூட்டையாக வாங்கி அனுப்பினார். எனக்குக் கஷாயத்தோடு பகை ஒன்றும் இல்லை, நானும் குடிப்பேன். வைரஸை அது எவ்வளவு தூரம் அடக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அதை நம்பி டாக்டரை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்க வைக்க வேண்டும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. கேன்டீன் ராமாத்தா அக்கா காலையிலிருந்து அண்டா முன்னாலேயே நின்றார். ஒரு டம்ளர் வாங்கி வாயில் ஊற்றினேன். கசப்பே இல்லை, கழுநீர் மாதிரி இருந்தது. என்ன அக்கா இது என்றேன்.

"நல்லாத்தானுங்க சிஸ்டர் சுண்ட வெச்சேன், நானூறு பேருக்குப் பத்தலீங்க, அதனால சுண்டுன தண்ணிய மறுபடி ஊத்திச் சரி பண்ணீட்டேனுங்க."

அன்னாசிப்பூ

அதுவரைக்கும் சிரித்தேன். அடுத்த நாள் காலை செக்கிங்கில் இருக்கும் மெர்சி என் ரூமுக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண். கல்யாணமாகி எட்டு வருஷம் காத்திருந்து, இப்போதுதான் ஆறு மாதம். உடம்பு அனலாகக் கொதித்தது. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரை போய் ஆளையே சாய்த்துவிடலாம்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஃப்ளூதான் என்று உறுதி செய்து, வைரஸுக்கான மாத்திரை எழுதினார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாளைக்குப் பத்து, முதல் மாத்திரையை இன்றைக்கே போட வேண்டும் என்றார். மெர்சியோ கம்பெனிக்குத் திரும்பி வந்தும் மாத்திரையைப் போட மாட்டேன் என்றாள். கஷாயம் என்றால் குடிப்பாளாம், அது வேராம். மாத்திரை கெமிக்கலாம், பிள்ளைக்கு ஆகாதாம். வேர் என்பதாலேயே கர்ப்பிணிக்கு ஆகும் என்று சொல்ல முடியாது, பிள்ளைக்கு ஆபத்து இந்தக் காய்ச்சலால்தான் என்றேன். இந்த மருந்தையே முதலில் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த ஒரு பொருளை வைத்துத்தான் செய்தார்கள் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் அசையவில்லை. கஞ்சி கொண்டு வந்த ராமாத்தா அக்காவுக்குத்தான் முகம் மலர்ந்தது. பருத்தியை அப்படியே மேலே சுற்றிக்கொண்டால் பனியன் ஆகிவிடுமா, நூற்று, நெய்து, தைக்க வேண்டாமா, இதுவும் அப்படித்தான் அக்கா என்று முன்கூட்டியே தடுத்துப் பார்த்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க சிஸ்டர், நாளைக்கு நானூறு பேருக்கும் பிரியாணியே போட்டுர்றேனுங்க."

கணக்கு சரி

நான் இன்னொருவருக்குக் கட்டுப் போடப் போன நேரத்தில், எனக்கு இது வேண்டாம் என்று மாத்திரை அட்டையை யாரிடமும் சொல்லாமல் லைன் சூப்பர்வைசர் சண்முகத்தின் மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டாள் மெர்சி. ஷிப்மென்ட் நெருங்குகிறது, லைனில் பத்து டைலர்களும் இருமுகிறார்கள். வருகிற வேலையை லைன் முழுக்கச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் சண்முகத்தின் தொழில். மாத்திரையையும் பிரித்துவிட்டார். டீ பிரேக்கில் ஆளுக்கு ஒன்று.

விஷயம் தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் மிஷின்கள் நின்றன. டாக்டருக்குப் போன் செய்தேன். ஒன்று போட்டதால் பயமில்லை, ஆனால் மருந்தில் இந்த விளையாட்டு வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு உடனே வேறு அட்டை வாங்குங்கள் என்றார். சீட்டைச் சண்முகத்தின் கையில் திணித்தேன்.

"லைன்ல பத்துப் பேருங்க, அட்டையில பத்து மாத்திரைங்க, கணக்கு இத்தனை சரியா வந்தா நான் என்னன்னுங்க நெனைக்கிறது?"

பத்து சாட்சிகள்

அவர் புது அட்டையோடு வருவதற்குள் பத்துப் பேரையும் என் ரூம் வாசலில் நிற்க வைத்து ஒவ்வொருவராகப் பிரஷர் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்த மெர்சி எழுந்து உட்கார்ந்து அவர்களையே பார்த்தாள். ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். பத்துத் தலையும் இல்லை என்று ஆடின. ஒருவர் மட்டும் போண்டா மீதியிருக்கிறதா என்று கேட்டார். சண்முகம் அட்டையை நீட்டியதும் அவளே வாங்கி ஒன்றைப் பிரித்தாள்.

"பத்து பேரு தின்னுட்டு குத்துக்கல்லாட்டம் நிக்காவ, எம்பிள்ளைக்கு மட்டும் என்ன ஆயிரப்போவுது, தண்ணி தாங்க சிஸ்டர்."

சீர்

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்து மாத்திரையையும் அவளே முடித்தாள். ஸ்கேனில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டபோது அவள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். போன மாதம் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லட்டு டப்பாவோடு கம்பெனிக்கு வந்தாள். லைனில் பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். சண்முகம் நெளிந்துகொண்டே என்னிடம் வந்தார்.

"பாப்பாவோட மாத்திரையத் தின்ன பாவத்துக்கு, காது குத்துக்குப் பத்துப் பேரும் தாய்மாமன் சீர் கொண்டாரோணும்னு மெர்சி சொல்லிப் போட்டாளுங்க சிஸ்டர்."

இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது, மருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அதைத் தப்பாகத் தின்றுவிட்டு நல்லபடியாக நிற்கும் பத்து டைலர்களைக் காட்டினால் போதும் என்பதுதான்.