இளைத்துப்போன சோப்பு

கடைத்தெருவில் அவளுக்கு 'விலை அக்கா' என்றுதான் பெயர். மாதாமாதம் அதே பதினெட்டுக் கடை, அதே பொருள், அதே அளவு. விலையைக் கேட்டுப் படிவத்தில் எழுதிப் புள்ளிவிவர அலுவலகத்தில் கொடுப்பாள். இருபத்திரண்டு வருட உழைப்புக்குக் கிடைத்த உபரி, குதிகால் வலி.

அவள் தங்கை மத்திய வங்கியில் அதிகாரி. சோப்பு முதல் டீசல் வரை கப்பலில் வந்து இறங்கவேண்டிய சின்ன நாடு அது. அங்கே விலைவாசி ஏற்றத்தை நான்கு சதவீதத்துக்குள் அடக்கிவிட்டோம், அடுத்த மாதம் வட்டியைக் குறைப்போம் என்று தங்கை டிவியில் சொன்னாள். அம்மா உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள்.

"நான் எழுதிக் குடுக்கற வெலைய வச்சுத்தானேம்மா அவ பேசறா?"

"நீ எழுதற, அவ பேசறா. பேச எல்லாருக்கும் வருமா?"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். தங்கை ஒரு தடவையாவது டிவியில் திருதிருவென்று முழிக்கவேண்டும்.

அடுத்த வாரம் மளிகைக் கடையில் சோப்பு ஒன்று கைதவறி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் ஓரத்திலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள்: நூறு கிராம். அவள் படிவத்திலோ நூற்றிருபத்தைந்து.

"இது எப்பலேருந்து?"

"மூணு மாசமாச்சுக்கா. டாலர் ஏறிடுச்சுல்ல? வெலைய ஏத்துனா யாரு வாங்குவா? சோப்ப எளைக்க வச்சுட்டாங்க" என்றார் கடைக்காரர்.

பிஸ்கட், பற்பசை எல்லாம் இளைத்திருந்தன. அவளோ விலையை மட்டும் கேட்டுவிட்டு, எடையைப் பழைய படிவத்தைப் பார்த்தே எழுதி வந்திருக்கிறாள். தங்கையின் பெருமையில் பாதி இவளுடைய சோம்பல். சொன்னால் தங்கை மாட்டுவாள். தானும் மாட்டுவாள்.

இரண்டு நாள் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் பொறாமை ஜெயித்தது, எடை குறைந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். அலுவலகம் விலை எடுக்கப் போகிற எல்லோருடைய படிவங்களையும் சோதித்தது. எல்லோரும் அதே தப்பைச் செய்திருந்தார்கள். திருத்திய கணக்கில் விலைவாசி ஏற்றம் ஐந்து சதவீதத்தைத் தாண்டியது. முதலில் ஒப்புக்கொண்டவள் என்பதால் முதல் மெமோ அக்காவுக்கு. போகட்டும் என்று டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தங்கை முழிக்கவில்லை.

"நாங்க சொன்ன கணக்கு தப்பு. எடை குறைஞ்சத கவனிக்கல. இந்த நேரத்துல வட்டியக் குறைச்சிருந்தா விலைவாசி கைமீறிப் போயிருக்கும். அதனால குறைக்கல" என்று நிமிர்ந்து சொன்னாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா? இத்தன பேர் முன்னால தப்ப ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! உனக்கு வருமாடி?"

அக்கா கைப்பையிலிருந்த மெமோவை இன்னும் அடியில் தள்ளினாள்.