சின்ன மூக்கும் சாம்பிராணிச் சட்டியும்

மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தான். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் தகப்பனாவதில் ஒரு வசதி உண்டு. ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள். நாம் தாண்டிப் போகும் வரை பொறுத்திருப்பார்கள். பள்ளிவாசல் படியில் ஒருவர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேரனா மச்சான்?" என்று கேட்டார். அவருக்கு விசயம் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

மகன் மாரியில் பிறந்தான். எங்கள் கடற்கரை ஊர்களில் மாரி வானத்தோடு நிற்பதில்லை. சுவரில் ஏறும், உப்புப் போத்தலுக்குள் இறங்கும், கொடியில் கிடக்கிற துணியை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே குடியிருக்கும். சில கிழமைகள் கழித்து அது என் மகனின் மூக்குக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய மனிதனுக்குத் தடிமன் வந்தால் வாயால் மூச்சு விட்டபடி உலகத்தைத் திட்டிக்கொண்டு படுத்திருக்கலாம். கைக்குழந்தைக்கு அந்த வித்தை இன்னும் படியவில்லை. அதற்கு மூச்சு என்றால் மூக்குத்தான். மூக்கு அடைத்திருக்கும்போது பால் கொடுத்தால், குடிப்பதா மூச்சு விடுவதா என்று அந்தச் சின்ன உயிர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மகன் நாலு இழுவை இழுப்பான். பிறகு முகம் சிவந்து, தலையைத் திருப்பி, பால் மீது ஏதோ கோபம் போலக் கத்துவான். கத்தினால் மூக்கு இன்னும் அடைக்கும். பசியோடு தூங்கி, பசியோடு எழும்பி, மறுபடி நாலு இழுவை. அவன் நனைத்துப் போடுகிற துணிகள் குறைந்துகொண்டு வந்ததை முதலில் கவனித்தவள் மனைவி. "புள்ளட வயித்துக்குள்ள ஒண்டும் போகுதில்ல," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

நான் படிக்கிறவன். எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் அதைப் பற்றி வாசிப்பேன். வாசித்து முடிக்கும்போது கஷ்டம் வேறு யாராவது ஒருவரால் தீர்க்கப்பட்டிருக்கும். இந்த முறையும் போனை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளின் மூக்கைப் பற்றி உலகம் எழுதியதை எல்லாம் வாசித்தேன். பாமசிக்குப் போய், மூக்குச் சளியை இழுத்தெடுக்கிற ஒரு றப்பர்க் குமிழ் வாங்கி வந்தேன். அதை மூக்கருகே கொண்டுபோனதும் மகன் போட்ட சத்தத்தில் கிணற்றடியில் நின்ற கோழிகள் மதிலில் ஏறின. சளி வரவில்லை. பிள்ளைக்கு என் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கைதான் வெளியே வந்தது.

நோய் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனைவியின் மாமா ஒருவர், மார்க்கப் பற்றுள்ள நல்ல மனிதர், பிள்ளை பார்க்க வந்திருந்தார். வரும்போதே சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையை மடியில் வாங்கி, கண்ணூறு படக்கூடாது என்று நீண்ட நேரம் ஓதி, முகத்தில் மூன்று முறை ஊதினார். ஓதலுக்கு உரிய பலனை அல்லாஹ் கொடுத்திருப்பான். ஊதலுக்கு உரிய பலன் அதற்கடுத்த நாட்களில் தெரிந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் பக்கத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை, புருசன்தான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். நான் பாலமுனையில் இருந்து ஒரு சூட்கேசும் சில பெட்டி புத்தகங்களுமாகக் கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தவன். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. பக்கத்து வீடு அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது என் மதினிக்கு. ஒரே வளவு, ஒரே கிணறு, நடுவில் மதில் இல்லை. இந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. முதல் பிளேன்டீ எனக்குத்தான். மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். ஆனால் நடுத்துண்டைத் தின்கிறவனுக்கு மீனை எப்படி ஆக்குவது என்று சொல்ல உரிமை இல்லை.

மாமியார் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் மதினி நின்றாள். தன் பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்க, தன் வீட்டு வேலையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக் காலத்தைத் தலையில் தூக்கிக்கொண்டாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் வருவாள். இலை அவித்த தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். எண்ணெய் தொட்டு மூக்கை நீவி விடுவாள், நேராக வரவேண்டுமாம். அப்போதெல்லாம் என் மூக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். பிறகு சிரட்டைத் தணலில் சாம்பிராணி தூவி, அந்தச் சட்டிக்கு மேலே பிள்ளையைப் பிடித்துத் தலைமயிரைப் புகையில் காயவைப்பாள். மூக்கடைத்த பிறகு அந்தப் புகை இரண்டு மடங்காயிற்று. "சளிய இளக்கும்," என்றாள். அறைக்குள் மனிதர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

துணி நனைவது குறைந்தபோது பிள்ளையை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனோம். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். சட்டையைத் தூக்கி விலா உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்தாள், மூச்சை எண்ணினாள், நிறை பார்த்தாள்.

"நெஞ்சில ஒண்டும் இல்ல. மூக்குத்தான். கொஞ்சம் நிறை குறஞ்சிரிக்கி, அதப் பிடிக்க வேணும்," என்றாள்.

பால் கொடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட வேண்டும். றப்பர்க் குமிழ் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் மெதுவாக. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். குடித்த பிறகு தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பாலே வேண்டாம் என்றாலோ ஒரு நிமிடமும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டும். இதை அவள் எழுதாமல், மனைவியின் கண்ணைப் பார்த்து இரண்டு முறை சொன்னாள். கட்டாரில் இருந்து வந்த நெஞ்சில் பூசுகிற தைலத்தை மனைவி பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். "இது உங்கட கால் நோவுக்கு வெச்சிக்கொள்ளுங்க சேர்," என்று அந்தப் பெண் அதை என்னிடம் தந்தாள். எனக்குக் கால் நோவு இருப்பது நடையிலேயே தெரிந்திருக்கிறது.

"பெரியவங்க வந்து ஓதுவாங்க..." என்று மனைவி இழுத்தாள்.

"ஓதுங்க, தாராளமா ஓதுங்க. ஊதுறத மட்டும் தள்ளி நிண்டு ஊதச் சொல்லுங்க." பிறகு பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்தாள். "சாம்பிராணியா? அது வேணாம். புள்ள இரிக்கிற அறையில ஒரு புகையும் வேணாம். மூக்கு உள்ளுக்க வீங்கித்தான் அடைக்கிது. புகை பட்டா இன்னும் வீங்கும்."

ஓட்டோவில் திரும்பினோம். சொட்டு மருந்து கையில் இருந்தது. அது சுகமான வேலை. கஷ்டமான வேலை வளவுக்குள் சிரட்டைத் தணல் மூட்டிக்கொண்டிருக்கும்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் மனைவி.

"நானா? நான் வந்த மாப்பிள்ள."

"வந்து இருபது வருசம்."

"மாப்பிள்ளைக்கு அது காணாது. உங்கட ராத்தா. நீங்க சொல்லுங்க."

"உம்மா மௌத்தானதுக்குப் பிறகு எனக்குத் தலை இழுத்துக் கட்டின கை அது. அந்தக் கையில இருக்கிறத எப்படி நான் வேணாம் எண்டு சொல்ற?"

அவள் சொன்னதும் சரி. மதினியிடம் 'புகை வேண்டாம்' என்றால், அது 'இத்தனை நாளும் நீங்கள்தான் பிள்ளையைக் கெடுத்தீர்கள்' என்று போய் விழும். அவள் சண்டைக்கு வர மாட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள். பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே யாரும் கட்டாமலே ஒரு மதில் எழும்பும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட மதில்கள் நிறைய உண்டு.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு மதினியின் வீட்டுக்குப் போனேன். பேச வேண்டியதைத் தொழுகையிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். கதிரை போட்டாள். பிளேன்டீ வந்தது. கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று காட்டினாள். நான் அந்த ஒழுக்கைப் பற்றி விரிவாகக் கதைத்தேன். தண்ணீர் வடியும் பீலி, ஓடு, மழையின் குணம் எல்லாம் வந்தது. மூக்கு மட்டும் வரவில்லை. திரும்பி வந்ததும் மனைவி கேட்டாள்:

"சொன்னீங்களா?"

"கூரைக்கு ஆள் பார்க்கிறன் எண்டு சொன்னன்."

அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று அஸருக்குப் பிறகு குளிப்பாட்டல் இல்லை; பிள்ளைக்கு அலைச்சல் என்று மனைவி ஒரு காரணம் சொல்லிவைத்தாள். சொட்டு விட்டோம். மகன் தும்மினான். கொஞ்சம் குடித்தான், முன்பைவிடக் கூட. குடித்தவனை நிமிர்த்தி வைக்க நான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். என் தோளில் சதை என்று ஒன்று இல்லை, எலும்புக்கு மேல் சட்டைதான். பிள்ளை நெளிந்தான், முனகினான், மூக்கு மறுபடி கர்கர் என்றது. அப்போது பின்வாசலால் புகை வந்தது. புகைக்குப் பின்னால் மதினி வந்தாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். வாசித்ததெல்லாம் தலைக்குள் வரிசையாக ஓடியது. மதினி கட்டிலை நோக்கி இன்னும் நாலு அடி வைத்தால் போதும்.

"மதினி," என்றேன், "டொக்டர் புள்ளையத் தோளில நிமித்தி வெச்சிரிக்கச் சொன்ன. என்ட தோளில படுக்கிறான் இல்ல. ஒருக்காப் பிடிங்களன்."

"உங்கட தோளில காகம் கூட இரிக்காது மச்சான்," என்றாள். ஆனால் அவளுடைய கை இரண்டும் சட்டியில் இருந்தது. பிள்ளையை வாங்க வேண்டுமானால் சட்டியை விட வேண்டும். நான் ஒரு கையால் பிள்ளையை நீட்டி, மறு கையைச் சட்டிக்கு நீட்டினேன். "இதை நான் பார்க்கிறன். நீங்க அவனப் பாருங்க."

மாறிக்கொண்டோம். பிள்ளை அவள் தோளில் போய் ஒட்டியதும், ஊர் திரும்பியவன் போல முனகலை நிறுத்தினான். நான் சட்டியோடு அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

புகை போடுவது என்றால் போட வேண்டும் அல்லவா. மதினி காதால் கவனிப்பாள். ஹோலுக்குப் போட்டேன். நெல் மூட்டை இருந்த அறைக்குப் போட்டேன். மகளின் மேசைப் பக்கம் போனபோது, "வாப்பா, எனக்குச் சோதனை," என்று அவள் இருமினாள். கோழிக்கூட்டுக்குப் போட்டேன். இன்னும் தணல் மிச்சம் இருந்தது. என் புத்தக அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, தட்டுத் தட்டாகப் புகை காட்டினேன். மாரியில் பூஞ்சணம் பிடிக்கிற புத்தகங்களுக்கு அது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மதினி சொன்னாள்: "இந்த அறைய விட்டுட்டீங்க."

"தணல் செத்துப் போச்சு மதினி."

அவள் சட்டியை எட்டிப் பார்த்தாள். தணல் கண் சிமிட்டியது. பிறகு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாளும் அதே நேரத்துக்குச் சட்டி வந்தது. அதே மாதிரி நான் பிள்ளையைக் கொடுத்துச் சட்டியை வாங்கினேன். அதே மாதிரி வீட்டைச் சுற்றினேன். அதே இடத்தில் தணல் செத்தது. இப்படிச் சில நாள் நடந்தது. இதற்கிடையில் சொட்டு மருந்து தன் வேலையைச் செய்தது, அல்லது தடிமன் தன் காலம் முடிந்து போனது. டொக்டர்களும் மூக்கும்தான் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். துணிகள் பழையபடி நனையத் தொடங்கின. கொடியில் இடம் போதவில்லை. மனைவி சோற்றுப் பீங்கானை வழித்துத் தின்றாள்.

ஒருநாள் மதினி சட்டியோடு பின்வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"இந்தாங்க மச்சான். அறைக்குள்ள வந்தா எப்படியும் தணல் சாகும். அதுக்கு ஏன் அங்க கொண்டு போற?" சட்டியை என் கையில் தந்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள். போகிற போக்கில், "டொக்டர் சொன்னா சொல்றதுதானே. நான் என்ன உங்களக் கடிச்சிருவனா?" என்றாள்.

நான் சட்டியோடு நின்றேன். மனைவி அறைக்குள் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பல நாட்களாகக் கேட்காத சத்தம்.

பிள்ளைக்குச் சாம்பிராணி பிடிக்கிற காலம் முடிகிற நாற்பதாம் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மனைவியின் மாமாவும் வந்தார், சால்வையோடு, இன்னும் தும்மலோடு. பிள்ளையை வாங்கக் கையை நீட்டியபோது மதினி பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு அடி பின்வாங்கினாள். "மாமா, நீங்க அந்தக் கதிரையில இருந்து ஓதுங்க. உங்கட ஓதல் இஞ்ச வரும்." அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, வழக்கத்தைவிட நீளமாகவே ஓதி, தூரத்தில் இருந்து எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஊதினார். அதற்குப் பிறகு மனைவி பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் பால் கொடுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மூக்கில் ஒரு சத்தமும் இல்லை. விழுங்குகிற சத்தம் மட்டும், விடாமல், ஒழுங்காக.

சாம்பிராணிச் சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் வீட்டைச் சுற்றுகிறேன். மகன் இப்போது நடக்கிறான், தணல் சாகவேண்டிய இடங்கள் கூடிவிட்டன. அண்மையில் ஒரு நண்பர் என்னிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஏட்டைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"புத்தகத்துக்கு நாற்பது முடிஞ்சிட்டா?"